நெஞ்சுப்படம் படிக்க யார் கற்றுத்தருவது?

1999 ஆகஸ்ட் 11 சாயங்காலம் சூரிய கிரகணம். எனக்கு ஒன்பது வயசு. கோலார் தங்கவயலில் எங்கள் லைன் வீட்டு வாசலில் பிள்ளைகள் எல்லாம் வானத்தைப் பார்த்து நின்றோம். கண்ணாடி வாங்க யாரிடம் காசு இருந்தது? ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து பழுப்பு உறையிலிருந்து தாத்தாவின் எக்ஸ்ரே படத்தை எடுத்துக் கொடுத்தாள். மேகம் விலகிய கொஞ்ச நேரத்தில் தாத்தாவின் விலா எலும்புகளுக்கு நடுவே கடிபட்ட சூரியனைப் பார்த்தோம். (அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதல் என்று அன்று யாரும் சொல்லவில்லை.) படத்தின் மேல்பாதியில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள். நாங்கள் அதை நட்சத்திரம் என்றோம். ஆயா, "மண்ணுடா அது" என்றாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது காசநோய். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை எங்கள் குடும்பத்தில் சரியாகப் படித்த முதல் ஆள் அவள்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ரேடியாலஜி மேற்படிப்பு முடித்த நண்பர் ஒருவர், நெஞ்சுப் படங்களை மட்டும் படிக்கும் சிறப்பு மருத்துவர்களுக்கான பயிற்சிப் பாடத்திட்டம் ஒன்றின் நகலைக் காட்டினார். பதினான்கு பக்கம். நுரையீரல் புற்றுநோய், ரத்தக்குழாய் அடைப்பு, நுரையீரல் நார்மங்கல், சிடி எடுக்கும் நுட்பம், கதிர்வீச்சு அளவு, இதயம், மார்புக்கூடு எல்லாம் விரிவாக இருக்கிறது. பதினோராம் பக்கத்தில் 'தொழில்சார் நுரையீரல் நோய்கள்' என்று ஒரே ஒரு வரி. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். பேங்க் கிளார்க்கிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. ராத்திரி யோசித்தபோது, எங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பாடத்திட்டம் என்பது டாக்டர்கள் உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் சங்கதி என்று நம் தோழர்கள் விட்டுவிடுகிறோம். இட ஒதுக்கீட்டில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணுகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் உள்ளே போனவர்களுக்கு எதைப் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள், எதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று கேட்டதே இல்லை. (ஃபூக்கோ 1963-லேயே மருத்துவப் பார்வையைப் பற்றிப் புத்தகம் எழுதியாயிற்று என்று சில நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். சரி. ஃபூக்கோவை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜல்லி கிரஷருக்கு வாருங்கள்.)

என் தாய்மாமன் கதை இது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் தோண்டிய சுரங்கத்தில் தாத்தா வேலை பார்த்தார். மகனுக்கு அந்த வேலையும் இல்லை. பாதிப் பேர் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போனார்கள். மாமா ஒசூர்ப் பக்கம் ஜல்லி கிரஷருக்குப் போனார். பதினாலு வருசம். மூடின மைனிலிருந்து மூடாத மைனுக்குப் போன மாதிரிதான். மேலே ஆகாயம் இருந்தது, அவ்வளவே வித்தியாசம்.

இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்பக்கம் வெள்ளை. "டிபி." சளியில் கிருமி இல்லை, பரவாயில்லை, படத்தில் இருக்கிறதே என்று ஆறு மாச மாத்திரை. இளைப்பு தீரவில்லை. ஒரு வருசம் கழித்து மறுபடி படம், மறுபடி "டிபி", மறுபடி மாத்திரை. மூன்றாவது முறையும் அதே. "என்னடா இது, ஆறு மாசம் முழுங்கினா இன்னொரு ஆறு மாசம்ங்கிறான், எனக்கு மட்டும் டிபி ஓயவே ஓயாதா?" என்று என்னிடம் கேட்டார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய், குடித்திருப்பாய் என்று திட்டும் கிடைத்தது. நம் ஆட்களுக்கு நோய் தீராவிட்டால் மருந்தின் மேல் சந்தேகம் வராது, ஆளின் மேல்தான் வரும்.

நகைக் கடன் வாங்கி சிடி எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'பழைய கோக்ஸின் எச்சம்' என்று போட்டிருந்தது. கோக்ஸ் என்பது டிபிக்கு நம் டாக்டர்கள் வைத்திருக்கிற இடக்கரடக்கல். 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் பெயர் அது. நோயாளி பயப்படக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரன் படித்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த சொல்லாக இருக்கலாம். இப்போது அது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். மேல்பக்கம் வெள்ளை, ஆள் கூலி, அடி ஸ்டாம்ப்பை.

கடைசியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் டாக்டரம்மா ஒருவர் படத்தைப் பார்க்கும் முன்னால் மாமாவைப் பார்த்தார்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"கூலி வேலைங்க மேடம்."

"கூலின்னா? எங்க, என்ன கூலி?"

"கிரஷர்லங்க. கல்லு ஒடைக்கிற எடத்துல."

"எத்தன வருசம்?"

மூன்று கேள்வி. அதற்கப்புறம்தான் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது சிலிகோசிஸ். டிபியும் நடுவுல வந்து போயிருக்கலாம். ஆனா அடியில இருக்கறது கல்தூசு." மாமா 2017-ல் செத்துப்போனார். கிரஷர்காரனிடம் மஸ்டர் ரோலில் மாமா பெயரே இல்லை. நஷ்டஈடு என்று எதுவும் வரவில்லை.

முந்தின டாக்டர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பேசத்தான் வேண்டும். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நாளைக்கு நூறு படம் பார்க்கிற டாக்டர், மேல்பக்க வெள்ளையைப் பார்த்து டிபி என்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். டிபியைத் தவறவிட்டால் அந்த ஆளும் சாவான், வீட்டிலிருக்கிற பிள்ளைகளுக்கும் பரவும். ஆகவே டிபி என்று சொல்லாதே என்பதல்ல நம் கோரிக்கை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுரையீரலுக்குள் நுழைகிற மணிக்கல் தூசியை, உடம்பின் துப்புரவு அணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கிய அணு செத்துப்போகிறது. செத்த இடத்தில் தழும்பு கட்டி உருண்டை உருண்டையாகிறது. டிபி கிருமியைப் பிடிக்க வேண்டியதும் இதே அணுதான். காவலாளியே செத்தபின் திருடன் வர என்ன தடை? சிலிகோசிஸ் இருக்கிறவர்களுக்கு டிபி வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால் 'இதுவா அதுவா' என்று பாடம் நடத்தினாலே தப்பு. 'இதோடு அதுவுமா' என்று கேட்கக் கற்றுத்தர வேண்டும்.

(துப்புரவு என்றதும் ஞாபகம் வருகிறது. 1700-ல் இத்தாலியின் மோதெனா ஊரிலிருந்து ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். அந்த எண்ணம் அவருக்கு வந்தது தன் வீட்டு மலக்குழியை இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளியைப் பார்த்து. 300 வருசத்துக்கு முன்னால் ஒரு மலக்குழித் தொழிலாளி கொடுத்த பாடம் அது. நம் எக்ஸ்ரே சீட்டுகளில் பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த வார்டு என்று கட்டம் இருக்கிறது. தொழிலுக்குக் கட்டம் இருக்கிற சீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.)

ரொம்பப் பேசுகிறேனே, நானும்தான் குற்றவாளி. பேங்கில் கணக்குத் தொடங்க வருகிறவர்களின் படிவத்தில் தொழில் என்ற இடம் உண்டு. சம்பளக்காரர், வியாபாரி, விவசாயி, மாணவர், இல்லத்தரசி, பிறர். கல்லுடைக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர், தோல் பதனிடுகிறவர் எல்லாருக்கும் நான் டிக் அடிப்பது 'பிறர்' என்ற கட்டத்தில்தான். பன்னிரண்டு வருசமாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி படத்தைப் படிக்கும் வித்தைக்கு வருவோம். இது எனக்கு அந்நியமானதல்ல. செக் வந்தால் அதிலுள்ள கையெழுத்தைக் கணக்குக்காரரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "இவர் கையெழுத்து எனக்குத் தெரியும்" என்று ஞாபகத்திலிருந்து பாஸ் செய்தால் மெமோ. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். தூசி நோய்ப் படங்களுக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாட்டை உலகத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. அதன் வேர் 1930-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த சிலிகோசிஸ் மாநாட்டில் இருக்கிறது. 1950, 1958, 1980, 2000, 2011, 2022 என்று திருத்தித் திருத்தி வந்திருக்கிறார்கள். மாதிரிப் படங்களின் தொகுப்பு ஒன்று இருக்கும். நோயாளியின் படத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், ஞாபகத்திலிருந்து சொல்லக்கூடாது. முதலில் படமே ஒழுங்காக இருக்கிறதா என்று 1 முதல் 4 வரை தரம் போட வேண்டும். 4 என்றால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடு. (கறுத்துப்போன படத்தில் சின்னப் பொட்டுகள் காணாமல் போய்விடும். நம் ஆஸ்பத்திரிகளில் இந்த ஒரு விதியை அமல்படுத்தினாலே எத்தனை படம் தேறும்?) அப்புறம் பொட்டுகளின் அளவு: உருண்டையானவை ஒன்றரை மில்லிமீட்டர் வரை ஓர் எழுத்து, மூன்று வரை ஓர் எழுத்து, பத்து வரை ஓர் எழுத்து. பத்தைத் தாண்டினால் அது பெருங்கட்டி, அதற்குத் தனிப் பிரிவு. கடைசியாக அடர்த்தி. இதில்தான் விஷயம் இருக்கிறது.

அடர்த்திக்கு 0, 1, 2, 3 என்று நான்கு வகை. ஆனால் டாக்டர் ஒரு எண் போட்டால் போதாது, இரண்டு எண் போட வேண்டும். முதல் எண் அவர் முடிவு. இரண்டாவது எண், அவர் மனசு எதையாவது தீவிரமாக யோசித்து விட்டதா என்பது. 1/0 என்றால், 'ஒன்று என்று முடிவு செய்தேன், பூஜ்யமாக இருக்குமோ என்று யோசித்தேன்'. 0/1 என்றால், 'பூஜ்யம் என்று முடிவு செய்தேன், ஒன்றாக இருக்குமோ என்று யோசித்தேன்'. கவிதை எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், டாக்டரின் தயக்கத்துக்கும் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்த இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அமெரிக்க நிலக்கரித் தொழிலாளியின் நஷ்டஈட்டு விதிகளில் 1/0 நோய்க்குச் சாட்சியமாகும், 0/1 ஆகாது. ஒரே தயக்கம், கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. இத்தனைக்கும் இந்த முறை, படத்தில் தெரிவதை விவரிப்பதற்கு மட்டுமே, நஷ்டஈட்டுக்கு எல்லை வகுப்பதற்கு அல்ல என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் கையேடே சொல்கிறது.

அந்த ஜோஹன்னஸ்பர்க்கையும் மறந்துவிட வேண்டாம். உலகத்துக்கே சிலிகோசிஸ் பாடம் நடத்திய தங்கச் சுரங்கங்கள் அங்கேதான் இருந்தன. வெள்ளைத் தொழிலாளிக்கு அரசின் மருத்துவக் குழுவிடம் எக்ஸ்ரேயோடு பரிசோதனை. கறுப்புத் தொழிலாளியை வரிசையில் நிறுத்தி எடை பார்த்தார்கள். எடை குறைந்தால் ஊருக்கு அனுப்பினார்கள். நஷ்டஈட்டிலும் நிறத்துக்கு ஒரு ரேட் இருந்தது, அது 1990கள் வரை நீடித்தது. படம் எடுக்கப்படாத நெஞ்சில் நோய் இல்லை. கணக்கு சுத்தம்! அந்தச் சுரங்கக்காரர்கள் மேல் போட்ட கூட்டு வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது 2019 ஜூலையில்தான். அதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள்!

எங்கள் தங்கவயலிலும் 1940களில் ஆயிரக்கணக்கானோரின் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார்கள். வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து போன பறையர் ஜனங்களே அந்தச் சுரங்கத்தில் பெரும் பகுதி. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி வந்த முதல் பெரிய கணக்கு எங்கள் ஆட்களின் நெஞ்சிலிருந்து எடுத்தது. ஆக நாங்கள் பாடப்பொருளாக இருந்திருக்கிறோம். பாடத்திட்டக் குழுவில்தான் இருந்ததில்லை.

அமெரிக்காவில் 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் செத்த பிறகு, 1969-ல் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாகத் தூசி நோய்ப் படம் படிப்பதற்கென்றே ஒரு தேர்வு வைத்தார்கள். தேறினவருக்கு 'பி ரீடர்' என்று பெயர். வாழ்நாளுக்கும் செல்லுபடியாகும் பட்டம் அல்ல அது. குறிப்பிட்ட வருசங்களுக்கு ஒருமுறை மறுபடி எழுதித் தேற வேண்டும். அரசு கண்காணிப்பில் ஒரு படத்தை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் படிப்பார்கள், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது! நம் பாடத்திட்டத்திலும் இதைச் சேர்க்கவேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் பரீட்சை வைத்தால் போதும் என்று நினைத்தவன், 2013-ல் வெளிவந்த ஒரு சங்கதியைப் படித்ததும் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அமெரிக்காவின் பெரும் பெயர் பெற்ற மருத்துவமனை. அங்கே நிலக்கரிக் கம்பெனிகளுக்காகப் படம் படித்துக்கொடுக்க ஒரு பிரிவு இருந்தது. அதன் தலைவர் பி ரீடர் தேர்வில் தேறியவர், பல பத்தாண்டு அனுபவசாலி. கிரிஸ் ஹாம்பி என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்து வழக்கு வழக்காகப் புரட்டினார். 2000-த்துக்குப் பிறகு தீர்ப்பான 1,500-க்கும் மேற்பட்ட வழக்குகளில் அந்த டாக்டர் படம் படித்திருக்கிறார். முற்றிய கரிநுரையீரல் என்று ஒரு ஆளுக்குக்கூட அவர் சொன்னதில்லை. பின்னே அந்தப் பெருங்கட்டியெல்லாம் என்னவாம்? காசநோயாக இருக்கலாம், அல்லது பறவை எச்சத்திலிருந்து வரும் ஒரு பூஞ்சை நோயாக இருக்கலாம்! மேற்கு வர்ஜீனியா மலைச் சுரங்கத் தொழிலாளிக்கும் 'பழைய கோக்ஸ்'தான். படித்தபோது மாமாவின் ரிப்போர்ட் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு வரவில்லை. செத்தபின் அறுத்துப் பார்த்ததில் கரிநுரையீரல் என்று நிரூபணமானவர்கள் அதில் உண்டு. ஹாப்கின்ஸ் அந்தப் பிரிவை உடனே நிறுத்திவைத்து 2015-ல் மூடியே விட்டது. ஹாம்பிக்கு 2014-ல் புலிட்சர் கிடைத்தது.

பரீட்சையில் தேறின கண்தான் அது. கண்ணில் பழுதில்லை. யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதில்தான் பழுது. இது முதலாளி பக்கம் மட்டும் நடப்பதல்ல, ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2005-ல் டெக்சாஸில் ஜேனிஸ் கிரஹாம் ஜாக் என்ற பெண் நீதிபதி, சுமார் பத்தாயிரம் பேரின் சிலிகோசிஸ் வழக்குகளை விசாரித்தார். வக்கீல்கள் காசு கொடுத்துப் பிடித்த பி ரீடர்கள், முன்னொரு வழக்கில் கல்நார் நோய் என்று சொன்ன அதே ஆட்களுக்கு இப்போது சிலிகோசிஸ் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். தொழிலாளி பக்கம் நின்று பொய்ப்படம் படித்தாலும் கடைசியில் அடி விழுவது உண்மையான நோயாளி மேல்தான். அவன் படத்தையும் எவனும் நம்பமாட்டான். ஆகவே பாடத்திட்டத்தில், காசு யாருடையது என்ற பாடம் வேண்டும். 'நெறிமுறை' என்று கடைசி நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடத்துவதல்ல; இந்த இரண்டு வழக்குகளின் படங்களையும் மாணவர் மேசையில் வைத்து, நீ என்ன எழுதுவாய், உனக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்கிற பாடம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரிநுரையீரல் ஒழிந்தே போய்விட்டது என்று முப்பது வருசம் நம்பினார்கள். 2015-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். நோய் எங்கும் போகவில்லை. படம் எடுத்தார்கள், ஒழுங்காக எடுக்கவில்லை, எடுத்ததை ஒழுங்காகப் படிக்கவில்லை. கொஞ்ச காலம் படங்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்கவேண்டி வந்தது. 2017-ல் அந்த மாநில நாடாளுமன்றக் குழு போட்ட அறிக்கைக்குத் தலைப்பு, 'கறுப்பு நுரையீரல், வெள்ளைப் பொய்கள்'. பணக்கார நாட்டில், சங்கம் வைத்திருக்கிற தொழிலாளிக்கே இந்த கதி.

இங்கே? மத்தியப் பிரதேசத்து அலிராஜ்பூர், ஜாபுவா ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ரா பக்கம் மணிக்கல் அரைக்கும் ஆலைகளுக்குக் கூலிக்குப் போனார்கள். ஒன்றிரண்டு வருசத்திலேயே இளைத்துத் திரும்பி வந்து கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். செத்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு மூன்று லட்சம் கொடு என்று குஜராத் அரசுக்கு உச்சநீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. அது 2006-ல் போட்ட வழக்கு. ராஜஸ்தான் 2019-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது: சான்று கிடைத்தால் மூன்று லட்சம், செத்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். நல்லதுதான். ஆனால் சான்று என்பது என்ன? ஒரு டாக்டர் ஒரு படத்தைப் படிப்பது. காசு மொத்தமும் அந்தப் படிப்பின் மேல் நிற்கிறது. படிக்க யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்?

கணிப்பொறியே படித்துவிடும், டாக்டரே வேண்டாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனமே, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோய் தேடும் முதல்கட்டச் சோதனையில் படத்தை மென்பொருள் படிக்கலாம் என்று சொன்னது. டாக்டரே இல்லாத ஊரில் அது பெரிய உதவிதான், கேலி செய்யமாட்டேன். ஆனால் டிபியைத் தேடக் கற்றுக்கொடுத்த மிஷின் டிபியைத்தான் தேடும். எந்தப் படத்துக்கு எந்தப் பெயர் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், மாமாவுக்கு மூன்று தடவை டிபி எழுதினவர்கள் மாதிரி ஆட்களாக இருந்தால், நாலாவது தடவை மிஷின் எழுதும். வேகமாக எழுதும்.

நண்பருக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு டாக்டரும் ஒரு வாரமாவது கிரஷரிலும் குவாரியிலும் நிற்க வேண்டும், தலையில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு அல்ல, முகக்கவசத்தோடுதான். அந்தத் தூசியைப் பார்க்கட்டும், ஈரம் அடித்தால் எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்கட்டும். தொழில் எழுதாத சீட்டோடு வரும் படத்தைப் படிக்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும். 'கூலி' என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பி, என்ன கூலி என்று கேட்க வேண்டும். மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு எண் போடும் பரீட்சை, சில வருசத்துக்கு ஒருமுறை மறுபரீட்சை. மேல்பக்கம் வெள்ளை என்றதும் நிறுத்தாமல், இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, நெறிக்கட்டியைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாத்திரைக்குக் கொஞ்சமாவது அசைந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். எக்ஸ்ரே சுத்தமாயிருந்தால் நெஞ்சு சுத்தம் என்று எழுதக்கூடாது, எப்போது சிடி வேண்டும் என்று தெரிய வேண்டும். 'பழைய கோக்ஸ்' என்று எழுதும் முன் சளிப் பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டின் கடைசியில் இரண்டு வரி தமிழில்.

அப்புறம் ஒன்று எழுதினேன், நண்பர் சிரித்தார். பரீட்சைக் குழுவில் ஒரு கல்லுடைக்கும் தொழிலாளி உட்கார வேண்டும். படத்தைப் படிக்க அல்ல. மாணவர் அவரிடம் பேச வேண்டும். என்ன கேட்கிறார், எப்படி அழைக்கிறார், வா போ என்கிறாரா, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று அவர் மார்க் போடட்டும். "இதையெல்லாம் கமிட்டி ஒத்துக்காது" என்றார் நண்பர். ஒத்துக்கொள்ளாது, தெரியும். வாய்ப்பரீட்சை என்று வைத்திருக்கிறீர்களே, யாருடைய வாய்?

1930-31-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கவழி போட்டபோது நூற்றுக்கணக்கானோர் மணல்தூசியில் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த கறுப்பர்கள். மியூரியல் ருகேசர் என்ற பெண் கவி, அந்த விசாரணைக்குப் போன சாட்சியங்களை, எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்கிச் சொன்ன சாட்சியம் உட்பட, கவிதையாகவே 1938-ல் வெளியிட்டார். நம் கவிஞர்கள், நான் உட்பட, பிணத்தைப் பாடியிருக்கிறோம், ரிப்போர்ட்டைப் படித்ததில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் படிக்கிற நம் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே சீட்டில் தொழிலுக்குக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பேனாவால் நீங்களே எழுத ஆரம்பியுங்கள். நானும் பேங்க் படிவத்தில் 'பிறர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், 'கல் உடைப்பவர்' என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை, காகிதத்திலாவது இருக்கட்டும்.

தாத்தாவின் படம் என்னிடம்தான் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் மஞ்சளடித்துவிட்டது, பொட்டுகள் தெளிவாகவே தெரிகின்றன. மாமாவின் மூன்று எக்ஸ்ரேவும் சிடியும் கூட இருக்கின்றன. பாடம் நடத்த யாருக்காவது வேண்டுமென்றால் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.